ஞாயிறு சாயங்கால வட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றை ஒட்டிய எங்கள் ஊரில் நாலு வருஷமாக ஞாயிறு சாயங்காலம் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்காருகிறோம். ஒருவர் பேச, மற்றவர்கள் கேட்கிறோம். இதைப் பற்றி விசாரிக்கிறவர்கள் எல்லோரும் அநேகமாக ஒரே சந்தேகங்களைத்தான் கொண்டுவருகிறார்கள். பஸ் ஸ்டாண்டில் நின்றபடி அதே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சலித்துப்போய் எழுதியது இது. கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். முப்பது வருஷம் பாடம் நடத்தியவள் என்பதால் பதில்களில் கொஞ்சம் வாத்தியார் வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது என்ன டீச்சர், கூட்டமா, வகுப்பா, பஜனையா?

மூன்றும் இல்லை. தலைவர் கிடையாது, தீர்மானம் கிடையாது, சுண்டலும் கிடையாது. ஒருவர் தன் மனசில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தைச் சொல்வார். வயல், பிள்ளையின் படிப்பு, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, எதுவாகவும் இருக்கலாம். மற்றவர்கள் அதை முழுசாகக் கேட்பார்கள். வரும்போது யாரிடமும் இல்லாத ஒரு யோசனை, எழுந்து போகும்போது இருக்கிறதா என்று பார்ப்போம். சில வாரம் இருக்கும். பல வாரம் இருக்காது.

காது இருக்கிற எல்லாரும் கேட்கத்தானே செய்றோம். இதுல பழக என்ன இருக்கு?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பத்து மொழிகளின் அன்றாடப் பேச்சை அளந்து பார்த்தார்கள். ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் நடுவே இருந்த இடைவெளி, சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் ஒரு பசுமாட்டுப் படத்தைக் காட்டி ‘இது என்ன’ என்றால், ‘பசு’ என்று வாய் திறக்கவே நமக்கு அரை நொடிக்கு மேல் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். எதிராளி முடிக்கும் முன்பே நாம் பதில் தயாரிக்க உட்கார்ந்துவிடுகிறோம். (அந்தப் பத்தில் தமிழ் இல்லை. நம் டீக்கடையில் அளந்திருந்தால் இடைவெளியே கிடைத்திருக்காது என்பான் என் தம்பி.)

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அன்றாடப் பேச்சு ஓடுவதே அப்படித்தான். வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் அந்தத் தயாரிப்பு வேலையை ஓரமாக வைத்துவிட்டு உட்கார முடியுமா என்பதுதான் பழக்கம்.

சரி, உட்கார்ந்து என்னதான் செய்வீங்க?

ஆறிலிருந்து எட்டுப் பேர் பாயில் வட்டமாக உட்காருவோம். முதல் கால் மணி நேரம் ஒருவர் பேசுவார், யாரும் குறுக்கே பேசுவதில்லை. அப்புறம் ஒரு நிமிஷம் அமைதி. பிறகு ஒருவர், தான் கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்வார். பேசியவர் அதைத் திருத்துவார். அடுத்து கேள்விகள். கடைசியில் ஒவ்வொருவரும், தனக்குப் புதுசாக ஏதாவது பட்டதா என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லலாம். படவில்லை என்றால் ‘ஒண்ணும் படல’ என்று சொல்லலாம், மரியாதைக் குறைவு ஆகாது. ஒரு சாயங்காலத்துக்கு இரண்டு பேர் பேச நேரம் இருக்கும், அதற்கு மேல் இல்லை. அறுப்புக் காலத்தில் வட்டம் கிடையாது. யாருக்கும் கண் திறந்திருக்காது.

நான் நல்லாத் தலையாட்டிக் கேட்கிறேனே, அது போதாதா?

தஞ்சாவூர் பொம்மையும் தலையாட்டும். நீங்கள் கேட்டது பேசியவருக்குத் தெரிய வேண்டும், உங்களுக்கும் தெரிய வேண்டும். அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்னது: வாக்குவாதம் வந்தால், உங்கள் கருத்தைச் சொல்லும் முன் எதிராளி சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள். ‘ஆமாம், இதைத்தான் சொன்னேன்’ என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் உங்கள் முறை. வீட்டில் செய்து பாருங்கள். பாதிச் சண்டையில் நம்மால் திருப்பிச் சொல்லவே முடியாது.

கிளிப்பிள்ளை மாதிரி அதே வார்த்தையைச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். தப்பாகிவிட்டால் ரொம்ப நல்லது. ஏன் நல்லது என்பது அடுத்த பதிலில்.

புதுசா தோணும்னு சொல்றீங்களே, அது எங்கேருந்து வரும்?

திருத்தத்திலிருந்து. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

யாராக இருந்தாலும் முதலில் பேசுவது பழைய பேச்சு. அதை மனைவியிடம் சொல்லியிருப்பார், டீக்கடையில் சொல்லியிருப்பார், மனு எழுதியும் கொடுத்திருப்பார். சொல்லிச் சொல்லித் தேய்ந்து வழவழப்பாகிவிட்ட பேச்சு அது. நாம் திருப்பிச் சொல்லும்போது அதில் ஏதோ ஒன்று அவருக்கு இடறும். ‘அப்படி இல்லீங்க’ என்று ஆரம்பிப்பார் பாருங்கள், அதை நாங்கள் ரெண்டாம் பேச்சு என்போம். அது அவருக்கே புதுசு.

எங்கள் வாய்க்காலின் கடைமடையில் ஆறு மா நிலம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர். அந்த வருஷம் மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்திருந்தது, வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பிலிருந்து கோரையாற்றில் தண்ணீரும் வந்தது. முறை வைத்துத்தான் விட்டார்கள். ஆனாலும் வட்டத்தில் அவர் சொன்னது, பத்து வருஷமாக ஊரே கேட்டதுதான்: “மேல இருக்கிறவன் மடையை அடைக்க மாட்டேங்கிறான், எனக்குத் தண்ணி வர்றதில்ல.” அந்த மேல்மடைக்காரரும் அன்று வட்டத்தில் இருந்தார். முகம் சிவந்துவிட்டது. ஆனால் விதி விதிதான், வாய் திறக்கவில்லை.

திருப்பிச் சொன்னது ஒரு கல்லூரிப் பையன். “தாத்தாவுக்குத் தண்ணியே வர்றதில்லை.” பெரியவர் உடனே, “வர்றதில்லன்னு இல்லப்பா. ராத்திரி வரும்” என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அவரே தொடர்ந்தார். “ராத்திரி வந்து என்ன பண்றது, பாக்க ஆள் வேணாமா? பெரியவன் திருப்பூர் போயிட்டான். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்கு இருட்டுல வரப்பு தெரியல. பாம்பு பயம் வேற.” அவர் பயம் என்ற சொல்லைச் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

மேல்மடைக்காரர் தன் முறை வந்ததும் கேட்டது ஒன்றுதான். “ராத்திரி நீங்க வயலுக்கு வர்றதே இல்லையா மாமா?” ராத்திரி மடையை அடைத்துத் தண்ணீரைக் கீழே விட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அது பார்ப்பாரில்லாமல் வழிந்து வடிகாலுக்குப் போயிருக்கிறது. இவருக்கு ஆள் இல்லாதது அவருக்குத் தெரியாது, அவர் அடைப்பது இவருக்குத் தெரியாது. பகல் முறையில் ரெண்டு நாளைக் கடைமடைக்கு மாற்றிக்கொண்டார்கள். இந்த யோசனையை யார் சொன்னது என்று கேட்டால் எங்களில் யாருக்கும் சொல்லத் தெரியாது. ‘தண்ணியே வர்றதில்லை’ என்று பையன் கொஞ்சம் கூட்டிச் சொன்ன தப்பில் ஆரம்பித்தது.

எல்லா வாரமும் இப்படி அழகாக முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். நாலு வருஷத்தில் இப்படி நடந்ததை எண்ண ஒரு கை விரல்கள் போதும்.

நடுவுல யாரும் பேசாம உட்கார்ந்திருக்கிறது எழவு வீடு மாதிரி இருக்கே?

முதல் மூன்று வாரம் அப்படித்தான் இருக்கும். யாராவது கனைப்பார்கள், யாராவது ‘அப்புறம்?’ என்பார்கள். பழகிவிடும்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுப்பறைகளில் அளந்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருந்தது சுமார் ஒரு நொடி. அதை மூன்று நொடியாக நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. முப்பது வருஷத்தில் எத்தனை பிள்ளைகளை ‘தெரியலையா, உட்காரு’ என்று சொல்லியிருப்பேன். அவர்களுக்கு இன்னும் ரெண்டு நொடிதான் தேவைப்பட்டிருக்கும். இப்போது வட்டத்தில் மனசுக்குள் பத்து வரை எண்ணுகிறேன். ஏழில் யாராவது பேசிவிடுகிறார்கள்.

எனக்குப் பதில் தெரியுது. தெரிஞ்சதைச் சொல்லாம வாயை மூடிட்டு இருக்கிறது தப்பில்லையா?

எந்த மாதிரி விஷயம் என்பதைப் பொறுத்தது. ஒருவர் வயலில் நெல் தூரில் புகையான் பூச்சி ஏறியிருக்கிறது என்றால், வட்டமாவது ஒன்றாவது, உடனே சொல்லுங்கள். தண்ணீரை வடிக்கச் சொல்லுங்கள், வேளாண் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அவர் பேசி முடிக்கும்வரை பூச்சி காத்திருக்காது.

ஆனால் ‘பையன் விவசாயத்துக்கு வரமாட்டேங்கிறான்’ என்ற மாதிரி விஷயத்தில் உங்களுக்குத் தெரிந்த பதில் அவருக்கும் ஏற்கனவே தெரியும். பத்துப் பேர் சொல்லிவிட்டார்கள். நீங்கள் பதினோராவது ஆள். நாக்கு நுனியில் நிற்கும் யோசனையை ஒரு காகிதத்தில் எழுதி மடித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் பிரித்துப் பாருங்கள். என் காகிதங்களில் பெரும்பாலானவற்றைக் கிழித்துத்தான் போட்டேன்.

அப்ப என்ன மாதிரிக் கேள்வி கேட்கலாம்?

பதில் உங்களுக்குத் தெரியாத கேள்வியைக் கேளுங்கள். ‘சொசைட்டியில கடன் கேட்டுப் பாத்தீங்களா?’ என்பதைக் கேள்வியாகவே சேர்க்கமாட்டோம், வாலில் கேள்விக்குறி ஒட்டிய அறிவுரை அது. ‘ஏன் செய்யல?’ என்று ஆரம்பித்தால் போலீஸ் ஸ்டேஷன் ஆகிவிடும். ‘அன்னிக்கு என்ன நடந்துச்சு?’, ‘அதுல உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?’, ‘இப்பச் சொன்னீங்களே, அதை இன்னும் கொஞ்சம் சொல்லுங்க’, இவ்வளவுதான் எங்கள் சரக்கு. மூன்றாவதுதான் அதிகம் பயன்படுகிறது, அது கேள்வியே இல்லை என்றாலும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்குதானே?

கொஞ்சம் அப்படித்தான். ரோஜர்ஸையும் ரோவையும் மேலே சொல்லிவிட்டேன். இயற்பியல் அறிஞர் டேவிட் போம் (1917–1992) கடைசிக் காலத்தில் இருபது முதல் நாற்பது பேர் வட்டமாக உட்கார்ந்து, பேசுபொருளை முன்கூட்டித் தீர்மானிக்காமல் பேசும் முறையை முன்வைத்தார். அவர் அதற்கு முன் பல வருஷம் தத்துவச் சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தியோடு உட்கார்ந்து உரையாடியவர். கிருஷ்ணமூர்த்தி பிறந்தது ஆந்திராவில் இருக்கும் மதனப்பள்ளியில். சரக்கு எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

நம் மொழியில் வினவுவதும் கேள்வி, காதால் கேட்டு அறிவதும் கேள்வி. குறளில் அந்தப் பெயரில் ஓர் அதிகாரமே உண்டு. கல்லாமைக்கு அடுத்து, அறிவுடைமைக்கு முன்னால் வைத்திருக்கிறது. அந்த வரிசையைப் பார்த்தாலே எனக்குப் போதும்.

அவர் சொல்றது தப்பா இருந்தா? கேட்டுட்டே இருந்தா ஒத்து ஊதுற மாதிரி ஆயிடாதா?

நல்ல கேள்வி, நாதஸ்வர மண்ணில் கேட்க வேண்டிய கேள்வி. ஒத்து என்பது நாதஸ்வரத்தோடு சுருதிக்காக ஊதும் வாத்தியம். ஒத்துக்காரர் ராகம் வாசிக்கமாட்டார், ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார். இப்போது அந்த இடத்தில் பெரும்பாலும் சுருதிப்பெட்டிதான். பேச்சு வழக்கில் ‘ஒத்து ஊதுறான்’ என்றால் ஜால்ரா போடுகிறான் என்று அர்த்தம். ஆனால் வாசிக்கிறவர் சுருதி விலகினால் அது உடனே வெளியே தெரிவது ஒத்து விலகாமல் நிற்பதால்தான். ஒத்து அவரோடு வளைந்துபோவதில்லை.

கேட்பதும் ஒப்புக்கொள்வதும் வேறு. ‘நீங்க சொல்றது இது, எனக்கு இதுல சம்மதமில்லை’ என்று கடைசிச் சுற்றில் தாராளமாகச் சொல்லலாம், திருப்பிச் சொல்லும் படியைத் தாண்டிய பிறகு. பொய்யென்று உறுதியாகத் தெரிந்த தகவலை அங்கேயே திருத்தலாம். ஒருவரை இழிவாகப் பேசினால் நிறுத்துகிறோம். அதற்குக் கால் மணி நேரம் காத்திருப்பதில்லை.

பெரியவங்க இருந்தா சின்னவங்க வாயே திறக்கிறதில்ல. பொம்பளைங்க நிலைப்படியோட நின்னுடறாங்க. என்ன பண்றது?

கடைசிச் சுற்றில் வயசில் சின்னவர் முதலில், பெரியவர் கடைசியில். இந்த ஒரு மாற்றம் நிறைய வேலை செய்தது. பெரியவர் பேசிய பிறகு ‘தாத்தா சொன்னதுதான்’ என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. பெண்கள் வருவதற்கு நேரத்தை மாற்றினோம். ஆறு மணி என்றால் அடுப்படி விடாது, நாலரை என்றால் வருகிறார்கள்.

இன்னொன்றைச் சொல்ல எனக்குக் கூச்சம், ஆனாலும் சொல்கிறேன். முதல் வருஷம் வட்டம் என் வீட்டுத் திண்ணையில்தான் நடந்தது. எல்லோரையும் கூப்பிட்டேன். தெற்குத் தெருவிலிருந்து வந்தவர்கள் வாசலில் நின்றே கேட்டுவிட்டுப் போனார்கள். ‘மேல வந்து உட்காருங்க’ என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன், ‘இருக்கட்டும் டீச்சர்’ என்றார்கள். அவர்கள் கூச்சம் என்றே எட்டு மாசம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் திண்ணையில் அவர்களுடைய அப்பாக்கள் ஏற முடியாது என்பது எனக்குத் தெரியாத விஷயமா என்ன? கேட்கப் பழகுவதாகச் சொல்லிக்கொண்ட நான் ‘இருக்கட்டும்’ என்ற ஒரு சொல்லைக் கேட்கவில்லை. இப்போது ஆற்றங்கரை அரசமரத்தடியில் உட்காருகிறோம். அங்கே யாரும் யாருக்கும் விருந்தாளி இல்லை. நீங்கள் ஆரம்பிப்பதாக இருந்தால் முதலில் இடத்தைத்தான் யோசியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

ஒருத்தரே பேசிட்டே போறார். எப்படி நிறுத்துறது?

கடிகாரத்தைப் பார்க்கிறவர் கையைத் தூக்குவார், அவ்வளவுதான். கால் மணி நேரத்தில் முடியாதது ஒரு மணி நேரத்திலும் முடியாது.

போனை என்ன செய்றது?

அணைத்துப் பையில் வைக்கவும். மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. கரன்ட் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை.

அங்க பேசினது ஊருக்குள்ள பரவிட்டா?

பரவியிருக்கிறது, காரணம் நான். ஒரு பெண் தன் நாத்தனாரோடு இருந்த மனஸ்தாபத்தைப் பேசினாள். பெயரைச் சொல்லாமல் அதை இன்னொரு தோழியிடம் ‘எவ்வளவு அழகா யோசிச்சா தெரியுமா’ என்று பாராட்டித்தான் சொன்னேன். நம் ஊரில் பெயர் சொல்லாவிட்டால் தெரியாதா? மூன்று நாளில் சுற்றி அவள் வீட்டுக்கே வந்துவிட்டது. போய் மன்னிப்புக் கேட்டேன். காபி கொடுத்தாள். வட்டத்துக்கு மறுபடி வரவில்லை.

இப்போதைய விதி: உங்களுக்குத் தோன்றிய யோசனையை வெளியே எடுத்துப் போகலாம், அடுத்தவர் கதையை எடுத்துப் போகக் கூடாது. பாராட்டுவதற்காகக்கூட. மேலே சொன்ன கடைமடைக் கதையைப் பெரியவரிடமும் மேல்மடைக்காரரிடமும் படித்துக் காட்டி, சம்மதம் வாங்கித்தான் எழுதினேன். பெரியவர் ஒரு இடத்தைத் திருத்தினார்.

பேசும்போது அழுதுட்டா?

அழட்டும். தண்ணீர் கொடுங்கள், ‘அழாதீங்க’ என்று சொல்லாதீர்கள். 2018 நவம்பர் 16 கஜா புயலில் தென்னை முழுக்கச் சாய்ந்துபோன ஒருவர், அதைப் பற்றிப் பல வருஷம் கழித்துத்தான் இங்கே பேசினார். அன்றைக்குத் திருப்பிச் சொல்லவும் இல்லை, கேள்வியும் இல்லை. இருட்டும்வரை சும்மா உட்கார்ந்திருந்தோம்.

ஆனால் ஒருவர் உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்கிற மாதிரிப் பேசினால், அது வட்டத்தின் வேலை இல்லை. தனியாக விடாதீர்கள், வீட்டாருக்குச் சொல்லுங்கள், 104 அல்லது 14416 எண்ணைக் கூப்பிடுங்கள். போன பதிலில் சொன்ன ரகசிய விதி இதற்குச் செல்லாது.

ரெண்டு மாசமா நடத்துறோம் டீச்சர், புதுசா ஒண்ணுமே வரல. எங்க தப்பு?

நீங்கள் ரொம்ப நல்லவர்களாக இருக்கிறீர்களோ என்னமோ. திருப்பிச் சொல்வது கச்சிதமாக இருந்தால், ‘ஆமாங்க’ என்று பேச்சு அங்கேயே படுத்துவிடும். கொஞ்சம் துணிந்து, உங்களுக்குப் புரிந்த மாதிரியே சொல்லுங்கள், தப்பு வரட்டும். இன்னொன்று, ஒரே மாதிரி ஆட்களாக உட்கார்ந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். எட்டுப் பேரும் விவசாயி, எட்டுப் பேரும் ஐம்பதைத் தாண்டியவர்கள் என்றால், ஒருவர் பாதி சொல்லும்போதே மீதி எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெரியாத ஒருவர் வேண்டும். எங்களுக்கு அந்தக் கல்லூரிப் பையன் மாதிரி. அவனுக்கு மடை எது மதகு எது என்றே அன்றைக்குத் தெரியாது.

அதற்கும் வரவில்லை என்றால் வராதுதான். கோடையில் ஆறு மணலாகக் கிடக்கும், அதற்காக யாரும் ஆற்றைத் தூர்த்துவிடுவதில்லை.

வீட்டுக்காரர்கிட்ட செஞ்சு பார்த்தேன். “என்னாச்சு உனக்கு, உடம்பு சரியில்லையா?”ங்கிறார்.

எங்கள் வீட்டிலும் அதே கேள்விதான் வந்தது. வீட்டில் பாய் விரித்து வட்டம் போட வேண்டாம், இதைச் செய்யப்போவதாக அறிவிக்கவும் வேண்டாம். அவர் சாப்பிடும்போது ஏதாவது சொல்வார். வழக்கமாக நீங்கள் சொல்லும் பதிலைச் சொல்லாமல், குழம்பை ஊற்றிவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். என் வீட்டுக்காரர் நாலாவது நாள், ரசத்துக்கு வந்த நேரத்தில், ‘அது மட்டும் இல்ல...’ என்று ஆரம்பித்தார். சாதம் ஆறிப்போய்விட்டது.